இந்தப் பெட்டிக்குப் பழசுதான் ஏறும்

ஃபயர்வால அப்டேட் பண்ணவான்னு கேட்டுச்சு, சரின்னு அமுக்குனேன், அம்புட்டுத்தான்ணே, படுத்துருச்சு. காலைல கடையத் தெறந்து, கூட்டி, சாமி படத்துக்குப் பூவு வச்ச கையோட அமுக்குனது. கறுப்பு ஸ்கிரீன்ல வெள்ளையா ஒரே ஒரு வரி. இந்தா பாருங்க, இன்னும் அப்படியே நிக்கிது. இந்த மெஷினுக்கு நான் ஆகாதுன்னு சொல்லுது. அத மொதல்லயே சொல்லித் தொலைக்கலாம்ல? பழச அழிச்சிட்டு வந்து ஒக்காந்துக்கிட்டு அப்புறமா சொல்லுது. கடைல எட்டு சிஸ்டம், எட்டுலயும் நெட்டு இல்ல. வாசல்ல பாத்தீங்கள்ல எம்புட்டுப் பேரு நிக்கிறாங்கன்னு? போலீஸ் வேலைக்கு அப்ளை பண்ண இன்னைக்குத்தான் கடைசி நாளு.

ஒக்காருங்கண்ணே. அந்தச் சேர் வேணாம், ஒரு காலு ஆடும். இதுல ஒக்காருங்க. அப்பா இப்பத்தான் டீக்கடைப் பக்கம் போனாரு... ஓ, ஒங்களப் பாத்துட்டுத்தான் போனாரா? இருக்கும். இந்த மாதிரி நேரத்துல அவருக்கு டீ குடிக்கணும்.

எதுல வந்தீங்க? குட்டியானைலயா? அதான் புண்ணாக்கு வாசம் இங்கன வரைக்கும் வருது. திருநகர்ல லோடு எறக்கியாச்சா? சரி, சரி. திரும்புறப்ப வண்டி சும்மாதானே போகுது, பழங்காநத்தத்துல நின்னு என்னையவும் ஏத்திக்கிரலாம்னு. ஐயோ, கோவமெல்லாம் இல்லண்ணே. ஒங்கள நான் கோவிப்பனா? ஒங்க மாமனார் வீட்ல எங்கிட்ட சாப்டியான்னு கேட்ட ஆளு நீங்க ஒருத்தருதான். அதுனாலதான் ஒங்கள அனுப்பிருக்காங்க. அதுவும் எனக்குத் தெரியும்.

மதினி நேத்தே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிருச்சு. எங்க வீட்டுக்காரரு வாராரு, பன்னெண்டுக்கு ராகுகாலம் தொடங்குது, அதுக்குள்ள தமிழ்வாணிய ஏத்தி அனுப்பிவிட்ருங்கன்னு. மாப்ள வரலையான்னு அம்மா கேட்டதுக்கு, தம்பி சிவபாண்டி வந்துட்டா கடைய யாரு பாக்குறதுன்னு கேட்டுச்சாம். ஞாயந்தானே. மாட்டுத் தீவனத்த யாரு நிறுத்துப் போடுறது?

அம்மா விடியக்காலைலயே என் துணியெல்லாம் மடிச்சு அடுக்கிருச்சு. அந்தா, பீரோ ஓரமா இருக்குல்ல பை, அது என்னோடது. மேல இருக்க செவப்பு வெல்வெட் பெட்டி கல்யாண ஆல்பம், இங்க சொந்தக்காரங்களுக்குக் காட்டணும்னு அம்மா வாங்கி வச்சிருந்துச்சு. கோயமுத்தூர் சித்தி வந்திருக்காங்களாமே, கல்யாணத்துக்கு வர முடியாதவங்க? ஆல்பம், வீடியோ எல்லாத்தையும் பாக்கணும்னு அத்தை சொல்லிவிட்டாங்களாம். எல்லாம் ரெடியாத்தான் இருக்கு. நான் வாரேனா இல்லையான்னு மட்டும் யாரும் இன்னும் கேக்கல. இல்லண்ணே, இப்ப நீங்க கேக்காதீங்க. இது முடியட்டும். இத முடிச்சிட்டுச் சொல்றேன்.

என்னம்மா? ஆதார் ஜெராக்ஸா? எடுக்கலாமே, அதுக்கு நெட்டு எதுக்கு. முன்னாடி பின்னாடி ரெண்டையும் ஒரே பக்கத்துல போட்றவா? இந்தாங்க. சில்லறைய அந்தக் கிண்ணத்துல போட்ருங்க. தம்பி, நீ அப்ளிகேசனா? செத்த நேரம் கழிச்சு வாப்பா. வேற கடைக்குப் போறதுன்னாலும் போ, கோச்சுக்க மாட்டேன். ஆனா அங்கிட்டும் சர்வர் டவுனுன்னுதான் சொல்லுவாங்க, பாத்துக்க.

எதுலண்ணே விட்டேன்? ஆங், ஃபயர்வால். கீழ குனிஞ்சு பாருங்க. மேசைக்கு அடில தூசி புடிச்சு ஒரு பழைய சிபியு இருக்குல்ல, அதுதான். எப்பயும் மானிட்டர் இல்லாம கெடக்கும், இன்னைக்குப் பாக்குறதுக்காக மாட்டிருக்கேன். காலேஜ் படிக்கிறப்ப நான் செஞ்சு வச்சதுண்ணே அது. ஒங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லவா? ஒங்க உசிலம்பட்டிச் சந்தைல வாசல்ல ஒரு ஆளு சீட்டுக் கட்டோட நிப்பான்ல? எந்த மாடு உள்ள வருது, எந்த மாடு வெளிய போகுது, யாரோடது, எல்லாம் அவனுக்குத் தெரியும்ல? அதேதான். வெளிய இருந்து வர்ற நெட்டு மொதல்ல இந்தப் பெட்டிக்கு வரும். இது பாத்து, கேட்டு, அப்புறந்தான் அந்த எட்டு சிஸ்டத்துக்கும் விடும். சீட்டு இல்லாத மாட்ட உள்ள விடாது.

நேரா மாட்டலாம்ணே. ஏன் மாட்ட முடியாது. வயர இதுல இருந்து புடுங்கி அதுல சொருகுனா நெட்டு வந்துரும். அப்பாவும் காலைல இருந்து அதத்தான் சொல்றாரு. நான் கல்யாணமாகி ஒங்க ஊருக்கு வந்தப்புறம் இவரு ஒருக்கா அப்படித்தான் மாட்டிருக்காரு. யாரோ ஒரு பய படம் எறக்குறேன்னு எதையோ எறக்கிட்டான். எட்டு சிஸ்டமும் காலி. இருந்த ஃபைலெல்லாம் பூட்டிக்கிருச்சு, தெறக்கணும்னா துட்டு அனுப்புன்னு இங்கிலீஷ்ல மிரட்டுது. ஒரு வாரம் கடைய சாத்திட்டு வீட்ல ஒக்காந்திருந்தாரு மனுசன். எங்கிட்ட சொல்லவே இல்ல. புருசன் வீட்ல இருக்க புள்ளைய எதுக்குக் கூப்பிடணும்னு.

அதான், மறுபடி பழைய வெர்ஷனவே ஏத்துறேன். புதுசு இந்தப் பெட்டில ஓடாது. பெட்டி அம்புட்டுப் பழசு. ஆமா, பழச ஏத்துறது நல்லதில்லதான். அதுல எங்கெங்க ஓட்டை இருக்குன்னு ஊருக்கே தெரியும். செஞ்சவங்களே இனி நாங்க அடைக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க, அவங்க வெப்சைட்ல இருந்தும் தூக்கிட்டாங்க. ஆனா ஒன்னுமே இல்லாததுக்கு இது எம்புட்டோ மேலு. இந்தப் பெட்டிக்குப் பழசுதான் ஏறும். என் பழைய லேப்டாப்ல அந்த ஃபைலு இருந்துச்சுண்ணே! நம்ப மாட்டீங்க, மூணாவது வருசம் எறக்குனது, அப்படியே கெடந்துச்சு. கெட்டுப் போச்சா நல்லா இருக்கான்னு பாக்குறதுக்கு ஒரு வழி இருக்கு. ஃபைலுக்கு நீளமா ஒரு நம்பரு குடுத்திருப்பாங்க, நம்ம கைல உள்ள ஃபைல ஓட்டிப் பாத்தா அதே நம்பரு வரணும். ஒரு எழுத்து மாறுனாலும் ஃபைலு போச்சுன்னு அர்த்தம். ஓட்டிப் பாத்தேன். ஒரு எழுத்து மாறல! அப்படியே இருக்கு! அந்தச் செகண்டு என்னமோ... சந்தோசம்னு சொல்லலாமா தெரியல. சந்தோசம் இருக்க வேண்டிய எடத்துல ஏதோ ஒன்னு லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சு.

சிரிக்காதீங்கண்ணே. பல் டாக்டரு ஊசி போட்டா கன்னம் இருக்கும், ஆனா இருக்காதுல்ல? கிள்ளிப் பாத்தா யாரையோ கிள்ளுற மாதிரி இருக்கும்ல? அந்த மாதிரிதான் இருக்கேன், வந்ததுல இருந்து. சாப்புடுறேன், தூங்குறேன். அழுக வரல. அம்மாவுக்கு அதான் பயம். அழுதாத் தேவலன்னு பக்கத்து வீட்ல சொல்லிக்கிட்டு இருந்துச்சு, காதுல விழுந்துச்சு.

அம்மா குடுத்த டீ ஆறுது பாருங்க. குடிங்க.

ஃபைலு இருந்தா மட்டும் பத்தாதுண்ணே. அத ஒரு பென்டிரைவுல ஏத்தணும். சும்மா ஏத்துனா ஆகாது. பெட்டிக்கு இப்ப உள்ள ஒன்னுமே இல்ல, கரண்டு குடுத்தா என்ன செய்யிறதுன்னே அதுக்குத் தெரியாது. பென்டிரைவ சொருகுனா அதுல இருந்து எந்திரிக்கணும். அதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அது வழியாத்தான் எழுதணும். அப்பா என்ன செஞ்சாருங்கறீங்க? நான் பின்னாடி வீட்டுக்குச் சாப்புடப் போயிட்டு வர்றதுக்குள்ள, வாணி, நான் போட்டுட்டேன்டாங்கறாரு. பாத்தா ஃபைல அப்படியே காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணி வச்சிருக்காரு. அப்பா, அரிசி மூட்டைய தூக்கி அடுப்பு மேல வச்சிட்டு சோறு வெந்துருச்சுன்னு சொல்ற மாதிரி இருக்குன்னேன். ஏன், ஃபைலு தெரியுதேங்கறாரு. பத்து வருசமா பிரவுசிங் சென்டர் நடத்துறாருண்ணே!

சரின்னு நம்ம கடைல விக்கிற பென்டிரைவு ஒன்ன பிரிச்சேன். மேல அறுபத்தி நாலு ஜிபின்னு போட்ருக்கு, உள்ள அதுல கால்வாசி கூட இல்ல. எழுதிக்கிட்டே வந்து பாதில நின்னு போச்சு. வெளிய சொல்லிறாதீங்க, இன்னும் நாலு பாக்கெட்டு தொங்குது.

இன்னொரு வழியும் இருந்துச்சு. அந்தா செல்ஃபுல பிஸ்கட் டப்பா தெரியுதா? அதுக்குள்ள பூராம் பென்டிரைவு. பிரிண்ட் எடுக்க வர்றவங்க சொருகிட்டு மறந்துட்டுப் போயிருவாங்க. அப்பா ஒன்னையும் தூக்கிப் போட மாட்டாரு. ஒரு அக்கா ரெண்டு வருசம் கழிச்சு வந்து பச்சக் கலரு, கயிறு கட்டிருக்கும்னு கேட்டுச்சு, இருந்துச்சு, எடுத்துக் குடுத்தாரு. அதுல ஒன்ன எடுத்து எழுதுன்னு அவரே சொன்னாரு. எனக்கு மனசு வரல. எழுதுனா உள்ள இருக்கது பூராம் அழிஞ்சிரும்ணே. அதுல யாரு என்ன வச்சிருக்காங்களோ. நம்மளோடதா இருந்தாத்தானே அழிக்கிறதுக்கு நமக்கு உரிம. அதுனால என்னோடது ஒன்னு சும்மா கெடந்துச்சு, அத எடுத்து சொருகிட்டேன். நீங்க உள்ள வந்தப்ப அதுதான் எழுத ஆரம்பிச்சிருந்துச்சு. இந்தா, பச்சக் கோடு நகருதுல்ல. பாதி தாண்டிருச்சு.

ஆரம்பிக்கிறப்ப ஒன்னு கேக்கும் பாருங்க. இதுல உள்ளது எல்லாம் அழிஞ்சிரும், சரியான்னு கேக்கும். சரின்னு குடுத்தா, நெசமாத்தான் சொல்றியான்னு இன்னொருக்கா கேக்கும். எம்புட்டு மரியாத! என் விசயத்துல ரெண்டு தடவ எங்கிட்டயே கேட்டது இதுவரைக்கும் இந்த சாஃப்ட்வேரு ஒன்னுதான்.

மணியா? பதினொன்னே கால். நேரமிருக்குண்ணே. இது முடியிற வரைக்கும் நான் அங்கிட்டு இங்கிட்டு நகரக்கூடாது.

என்ன நடந்துச்சுன்னு ஒங்ககிட்ட யாரும் சொல்லலையா? சொல்லாம கொள்ளாம ஓடிட்டான்னு அத்தை சொன்னாங்களா? பஸ்ஸுலதான்ணே வந்தேன். ஓடல. சண்டையும் இல்ல. அடிச்சாரா, சத்தியமா இல்ல. ஒரு வார்த்த திட்டல. அடிச்சிருந்தா ஒங்களுக்கும் சுலபமா இருந்திருக்கும், நீங்க வந்து இனிமே அடிக்க மாட்டான்மான்னு சொல்லலாம், நானும் பைய எடுத்துக்கிட்டு வரலாம்.

கல்யாணமான புதுசுல எனக்கு அங்க நேரமே போகலண்ணே. ஒங்களுக்குத் தெரியாததா. காலைல வேலைய முடிச்சா அத்தை சீரியல் போட்ருவாங்க. அவரு கீழ கடைல. நான் குடோன்ல சும்மா சுத்துனப்ப மூட்டைக்குப் பின்னாடி ஒரு பழைய கம்ப்யூட்டர் கெடந்துச்சு, மாமா காலத்துல பில் போட வாங்குனது. ஆத்தாடி, பொதையல் கெடச்ச மாதிரி! தொடச்சு, ஃபேன மாத்தி, நாலு நாளு ஒக்காந்து அதுல இதே ஃபயர்வால ஏத்துனேன். இதே பழைய வெர்ஷன்தான். எதுக்குன்னா, சும்மாதான். புடிச்சிருந்துச்சு. சிலருக்கு கோலம் போடப் புடிக்கும்ல.

அன்னைக்கு ராத்திரி சாப்புட்டு ஒக்காந்திருந்தப்ப அவருகிட்ட காட்டுனேன். இங்க பாருங்க, நம்ம வீட்ல எந்தப் போனு எந்த நேரத்துக்கு எங்க போச்சுன்னு எல்லாம் இதுல விழும்னேன். இது அத்தையோடது, சமையல் வீடியோ. இது ஒங்களோடது, கிரிக்கெட்டு. அவரு எந்திரிச்சு வந்து பக்கத்துல ஒக்காந்தாருண்ணே. கல்யாணமாகி மொத மொத நான் செய்யிற ஒரு வேலையப் பத்தி எங்கிட்ட கேள்வி கேட்டாரு. இத எப்படிப் பாக்குறது, ஒரு போன மட்டும் எப்படி நிறுத்துறது, நேரம் எப்படிக் குறிக்கிறது. நான் ஒவ்வொன்னா சொல்லிக் குடுத்தேன். ரூலு போட்டா அதுக்கு ஒரு பேரு வச்சிரணும், அப்பத்தான் பின்னாடி பாக்குறப்ப இத எதுக்குப் போட்டோம்னு தெரியும்னு அதுகூட சொல்லிக் குடுத்தேன். ரொம்பக் கெட்டிக்காரருண்ணே ஒங்க மச்சினன். ஒரு தடவ சொன்னா போதும். நான் பூரிச்சுப் போயி அம்மாவுக்குப் போன் பண்ணி, அம்மா, அவரும் என்னைய மாதிரியேதான்மான்னு சொன்னேன்.

கொஞ்சம் இருங்க. என்னப்பா, கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா? ஹால் டிக்கெட் ஜெராக்ஸுக்கு பிளாக் அண்ட் ஒயிட்டே போதும். மூஞ்சி தெரிஞ்சா சரி.

அதுக்கப்புறம் தெனமும் காலைல கடைக்கு எறங்குறதுக்கு முன்னாடி அதப் பாப்பாரு. பேப்பர் படிக்கிற மாதிரி. நேத்து மத்தியானம் எதுக்கு அம்புட்டு நேரம் ஒன் சிநேகிதிகூட வீடியோ கால்ல இருந்தன்னு கேப்பாரு. கோவமா இல்ல, சாதாரணமா, காப்பில சீனி கம்மின்னு சொல்ற மாதிரி. அப்புறம் எட்டு மணிக்கு மேல என் போனுல நெட்டு வரல. நான் பெட்டிதான் கெட்டுப் போச்சுன்னு நெனச்சு, அடடா, என்னமோ கோளாறுன்னு அவருகிட்டயே போயி சொன்னேன். கோளாறு இல்ல, நான்தான் போட்டேன், படுக்குற நேரத்துல எதுக்கு நெட்டுன்னாரு. சரின்னேன்.

அது பெருசில்லண்ணே. இந்தக் கடைசி விசயம்தான். மதுரைலயே ஒரு கம்பெனி, நெட்வொர்க் வேல, வீட்ல இருந்தே பாக்கலாம். எழுதிப் போட்ருந்தேன். புதன்கெழம பதினோரு மணிக்கு வீடியோல இன்டர்வியூன்னு கூப்புட்டாங்க. அத்தைகிட்ட மட்டும், பதினோரு மணிக்கு ஒரு போன் வரும், குக்கர கொஞ்சம் பாத்துக்கங்கன்னு சொன்னேன். வேலைக்குன்னு சொல்லல. கெடச்சப்புறம் சொல்லலாம்னு. ஆனா கம்பெனி பேரு பெட்டில விழுந்திருக்கும்ல. நான் எதுக்கு அத யோசிக்காமப் போனேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. செஞ்சவளே நான்தான்.

தலைய சீவி, நீலச் சுடிதார் போட்டு, பின்னாடி சுவரு நல்லா தெரியிற மாதிரி போன சாச்சு வச்சிக்கிட்டு ஒக்காந்தேன். பதினொன்னுக்கு நெட்டு நின்னுச்சு. ஸ்கிரீன்ல அந்த வட்டம் சுத்துது, சுத்துது. என் சிம்முல நெட்டு பேக்கு இல்லண்ணே, வீட்லதான் வைஃபை இருக்கே ஒனக்கு எதுக்குன்னு இன்கமிங்குக்கு மட்டுந்தான் போட்டு விட்ருந்தாரு. அங்கன கீழ தராசுல மூட்ட விழுற சத்தம் கேக்குது. நான் அந்த வட்டத்தப் பாத்து சிரிச்ச மொகமாவே ஒக்காந்திருந்தேன், திடீர்னு நெட்டு வந்துச்சுன்னா மூஞ்சி நல்லா இருக்கணும்ல.

வரல.

அப்புறம் எந்திரிச்சுப் போயி பெட்டியத் தெறந்து பாத்தேன். புதுசா ஒரு ரூலு. புதன்கெழம பதினொன்னுல இருந்து பன்னெண்டு வரைக்கும், ஒரே ஒரு போனுக்கு மட்டும். பேரு வாணின்னு வச்சிருந்தாரு. ரெண்டு கிளிக்குண்ணே. ரெண்டே கிளிக்குல எடுத்திருக்கலாம், இன்னும் பாதி நேரம் இருந்துச்சு, அவங்களுக்கு மன்னிப்பு கேட்டு மறுபடி உள்ள போயிருக்கலாம். கை போகல. அதப் பாத்துக்கிட்டே நின்னேன். அம்புட்டு அழகாப் போட்டிருந்தாரு. ஒரு தப்பு இல்ல. நான் எப்படி சொல்லிக் குடுத்தனோ அப்படியே.

மத்தியானம் மேல வந்தாரு. சாப்பாடு போடவான்னேன், போடுன்னாரு. வெங்காயம் கேட்டாரு, நறுக்கிக் குடுத்தேன். இன்டர்வியூவப் பத்தி அவரும் கேக்கல, நானும் சொல்லல. எலைய எடுத்துப் போட்டு, கையக் கழுவிட்டு, பைய எடுத்துக்கிட்டு டவுன் பஸ்ஸுல ஏறிட்டேன். அப்ப இருந்துதான் இந்த ஊசி போட்ட மாதிரி.

ஆங், முடிஞ்சிருச்சு பாருங்க! நூறு! சரி, இப்பத்தான் விசயமே இருக்கு. இத எடுத்து கீழ பெட்டிக்குப் பின்னாடி சொருகணும்... கால கொஞ்சம் நகத்திக்கங்கண்ணே... சொருகியாச்சு. கரண்ட போடுறேன். போட்ட ஒடனே இந்தக் கீய தட்டிக்கிட்டே இருக்கணும், ஒரு தடவ தட்டுனா மதிக்காது. இந்தா, கேக்குது, எதுல இருந்து எந்திரிக்கட்டும்னு. பென்டிரைவுன்னு குடுக்குறேன். எந்திரிடா, எந்திரிடா மாப்ள...

பீப்! கேட்டுச்சா? எந்திரிச்சிருச்சு! அய்யோ அண்ணே, எழுத்து ஓடுது பாருங்க! வாசல்ல நிக்கிறவங்கள கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க, போயிறப் போறாங்க! இது உள்ள ஹார்ட் டிஸ்குக்குத் தானா ஏறிக்கிரும், ஏறுனதும் பழைய செட்டிங்ஸ ஏத்திட்டா முடிஞ்சுது, நான் காலேஜ்ல போட்டது ஒன்னு வச்சிருக்கேன்.

என்னண்ணே? சொல்லுங்க, கேக்குறேன். காது ஒங்ககிட்டத்தான் இருக்கு.

ம்.

ம். தெரியும்ணே, பாசமாத்தான் இருக்கும். இல்லன்னு நான் சொல்லல. வெளிய போனா இவளுக்கு என்னாகுமோன்னு ஒரு பயம். ஆம்பளைக்கு இருக்கும். மதினியும் அதேதான் அம்மாகிட்ட சொல்லுச்சு. மாறிருவாரா? சரி. ஒன்னே ஒன்னு கேக்குறேன், பாத்ததச் சொல்லுங்க. மாடிப்படிக்கு அடில நான் வச்ச பெட்டி இருக்குல்ல, காலைல நீங்க வண்டிச் சாவி எடுக்கப் போனப்ப பாத்திருப்பீங்களே. பச்ச லைட்டு எரியுதா?

எரியுதுங்கறீங்க.

சரி.

இல்ல, சும்மா கேட்டேன். அப்ப அந்த ரூலும் இருக்கும். ஆளு இங்க ஒக்காந்திருக்கேன், அங்க புதன்கெழம பதினொன்னு ஆனா வாணிக்கு நெட்டு நின்னு போயிக்கிட்டே இருக்கும். இன்னைக்கும் புதன்தானே? இப்பக்கூட நின்னுதான் இருக்கும்.

தம்பி! ஏய் தம்பி, ஒன்னாம் நம்பர்ல ஒக்காரு, நெட்டு வருதான்னு பாரு. வருதா? வருதாமுண்ணே! எல்லாரும் உள்ள வாங்க, வரிசையா வாங்க, போட்டோ, சர்டிபிகேட்டெல்லாம் கைல எடுத்து வச்சுக்கங்க. அப்பாவுக்கு யாராச்சும் டீக்கடைல சத்தம் குடுங்கப்பா, நெட்டு வந்துருச்சு, பயப்படாம வரலாம்னு.

அப்பாடா. இனி இந்தப் பென்டிரைவ வெளிய எடுத்துறலாம். அதுக்கு வேல முடிஞ்சுது. இருங்க, குனிஞ்சு எடுத்துட்டு வாரேன்.

அண்ணே, அந்த வெல்வெட் பெட்டிய இப்படி எடுங்களேன். இல்ல, பை வேணாம், பெட்டி மட்டும். தெறங்க. ஆல்பத்துக்கு மேல கைவெரல் நீளத்துக்கு ஒரு பள்ளம் காலியா இருக்கா? இந்தாங்க, இது அங்க வைக்கிறதுதான். ஒங்க ஊரு ஸ்டுடியோக்காரரு மரத்துல செஞ்சு குடுத்தது. பாருங்க, இந்தப் பக்கம் எம்பேரு, அந்தப் பக்கம் அவரு பேரு, நடுவுல கல்யாணத் தேதி. சூடா இருக்கும், பாத்துப் புடிங்க. இம்புட்டு நேரம் ஓடுச்சுல்ல.

ஆமாண்ணே. கல்யாண வீடியோ இருந்த பென்டிரைவுதான்.

இல்ல, இப்ப இல்ல. நாலு மணி நேர வீடியோ. காலைல ரெண்டு தடவ கேட்டுச்சுன்னேன்ல, ரெண்டு தடவையும் ஆமான்னு குடுத்தேன். ஸ்டுடியோவுலயும் இருக்காது, ஆறு மாசத்துல அழிச்சிருவாங்க. ஆல்பம் இருக்கு, சித்திக்கு அது போதும். அதுல எல்லாரும் நல்லா சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம். அத்தைகிட்ட மட்டும் சொல்லிருங்க, இத டிவில சொருகுனா ஒன்னும் வராதுன்னு. கம்ப்யூட்டர்ல சொருகுனா ஃபயர்வால் ஏறும். அவரு பெட்டிக்கும் இதேதான். என்னைக்காச்சும் அது படுத்துருச்சுன்னா இத வச்சு எழுப்பிக்கிரச் சொல்லுங்க. எப்படின்னு அவருக்குத் தெரியும், சொல்லிக் குடுத்திருக்கேன்.

மணியப் பாருங்க, பன்னெண்டு ஆகப் போகுது. கெளம்புறதுன்னா இப்பவே கெளம்பிருங்கண்ணே. நீங்க மட்டும். அந்தப் பைய நான் உள்ள எடுத்து வச்சிக்கிறேன்.

எதுக்குண்ணே அத அப்படியே பாத்துக்கிட்டு இருக்கீங்க? வருத்தப்படாதீங்க. நானே அத ஒரு தடவகூட முழுசாப் பாத்ததில்ல. அவரும் பாக்கல. போடுவோம் போடுவோம்னு பீரோவுலயே கெடந்துச்சு. ஒங்களோடத நீங்க பாத்திருக்கீங்களா? சிடியா இருக்கும்ல, ஒங்க காலத்துல.

மதினி பாத்திருக்கா?